மீனுக்குப் பெயர் வைக்காத மாமி

கரமனை அக்ரகாரத்தில் ஒரு மாமி இருந்தார். மற்ற வீடுகளில் சோபா போட்டிருக்கும் இடத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் எட்டடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் என் கை நீளத்துக்கு ஒரு மீன்.

பிள்ளைகளே, பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற தங்கமீனை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அரோவானா. வெள்ளித் தகட்டை நீளவாக்கில் நிறுத்தினது போல உடம்பு. ஒவ்வொரு செதிலும் ஒரு ரூபாய்க் காசு அகலம். தாடையில் இரண்டு மீசை. வாய் மேலே பார்த்துத் திறக்கும். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பும்போது உடம்பு துணி மடிவது போல மடியும். சத்தம் இராது. முதல்முறை பார்த்தபோது கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைக்க மறந்து நின்றேன்.

அப்போது கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் நான் கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, சாமி படத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் கண்ணாடி அறுப்பேன். மீன்தொட்டியும் ஒட்டிக் கொடுப்பேன். எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவன். இப்போது கடையை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். ஆனால் அந்த மாமியைப் போல ஒருவரை இதுவரை மறுபடியும் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டது தொட்டியின் மேல்மூடி உடைந்து போனதற்காக.

"யாரு மாமி உடைச்சா?" என்று கேட்டேன்.

"மேலே இருக்கறது" என்றார்.

நான் அண்ணாந்து மச்சைப் பார்த்தேன். மாமி சிரித்துவிட்டார். "அங்கே இல்லேடாப்பா. தொட்டிக்குள்ளே மேலே இருக்கறது. நேத்திக்கு சுவத்துல ஒரு பல்லி. இது பாத்துட்டுது. மூடி இருக்கறது அதுக்குத் தெரியுமோ? ஒரே சாட்டம், மூடி நொறுங்கிடுத்து."

அரோவானா தண்ணீருக்கு மேலே உள்ள பூச்சி, பல்லி எதையும் எம்பிப் பிடிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. மூடி போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தோம்.

"இதுக்குப் பேரு என்ன மாமி?"

"பேரெல்லாம் வெக்கப்படாது. பேர் வெச்சா நாம அது பக்கம் சாஞ்சுடுவோம். அப்பறம் சண்டை வந்தா கண்ணு சரியாப் பாக்காது."

மாமியின் சுபாவமே அதுதான். அவர் எந்தப் பக்கமும் சாயமாட்டார். மேலே இருக்கறது, கீழே இருக்கறது, மூலையில இருக்கறது, இவ்வளவுதான் அவர் மீன்களுக்குச் சொல்லும் அடையாளம். அதனால் நானும் மாமியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த மீன்கள் ஒன்றையும் மாமி காசு கொடுத்து வாங்கவில்லை. எல்லாம் பிறர் கொண்டுவந்து விட்டவை. கடையில் விரல் நீளத்தில், பார்க்க அழகாக இருக்கும். வாங்கி வருவார்கள். அது மளமளவென்று வளரும். கூட இருக்கிற மீனை ஒவ்வொன்றாகத் தின்னும். பிறகு தொட்டி போதாது. அப்போது வீட்டில் ஒரு பேச்சு வரும்: "கொண்டுபோய் ஆத்துல விட்டுரலாம்." அந்தப் பேச்சு யார் வாயிலாவது வந்தது என்று காதில் விழுந்தால் போதும், மாமி ஆள் அனுப்பிவிடுவார். "ஆத்துல விடாதேங்கோ. இங்கே கொண்டாங்கோ." இப்படி வந்து சேர்ந்தவைதான் எல்லாம்.

இதில் வேடிக்கை, மாமி முட்டைகூடத் தொடாதவர். ஆனால் மீன்கள் ஒன்றும் தயிர்ச்சாதம் சாப்பிடுகிற ஜாதி இல்லையே. காலையில் பையை எடுத்துக்கொண்டு தாமே மீன் சந்தைக்குப் போவார். இறாலை அங்கே மலையாளத்தில் செம்மீன் என்பார்கள். மீன் விற்கிற சேச்சிக்கு மாமியைக் கண்டால் கொண்டாட்டம்.

"மாமியே, இன்னு வீட்டில் எந்தா கறி?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்.

"எனக்கு சாம்பார். அவாளுக்கு செம்மீன். நல்லதா நோக்கி எடுத்துத் தா" என்பார் மாமி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீட்டுக்கு வந்து நீளமான இடுக்கியால் ஊட்டுவார். ஊட்டி முடித்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைவார். மழைக்காலத்திலும் அதுதான் முறை. தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். மாமி அவர்களோடும் சண்டைக்குப் போனதில்லை. அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்த இறால் வாளியைப் பின்கட்டுக்கு மாற்றினார். அத்தோடு பேச்சு நின்றது.

ஆரம்பத்தில் மாமியும் ஒரு தப்புச் செய்திருக்கிறார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

முதலில் வந்தவை ஆஸ்கர் மீன்கள். கனத்த உடம்பு, கறுப்பில் நெருப்புக் கோடு போட்டது போல நிறம், உங்கள் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்கிற கண். அவற்றில் ஒன்றை மட்டும் மற்றவை துரத்தித் துரத்திக் கொத்தின. மாமி பிறந்தது, புகுந்தது இரண்டுமே பெரிய குடும்பம். அங்கே எந்தச் சண்டைக்கும் ஒரே மருந்து, இலை போடுவது. சாப்பிட்டுவிட்டால் ஆண்கள் தூங்கிவிடுவார்கள், பெண்களுக்குப் பாத்திரம் தேய்க்கவே நேரம் சரியாக இருக்கும். அதே புத்தியில் மாமி மீனுக்கும் வயிறு முட்டப் போட்டார். வேளை தவறாமல் போட்டார். காலையில் பார்த்தால், அந்த ஒன்று வாலும் துடுப்பும் கிழிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததாம். அடித்த மீன்களுக்கோ வயிறு புடைத்து, தின்ன வழியில்லாமல் இறால் அப்படியே மிதந்ததாம்.

"நான் வயித்தைப் பாத்துண்டே இருந்துட்டேன். அதுகள் எடத்தைப் பாத்துண்டு இருந்திருக்கு" என்றார் மாமி. "பசிக்கு அடிச்சா தின்னுட்டு விட்டுடும். ஸ்தலத்துக்கு அடிச்சா தின்னவும் செய்யாது, விடவும் செய்யாது."

அடுத்த தடவை ஒரு மீன் அடிபட்டபோது அவர் செய்ததை நானே கூட நின்று பார்த்தேன். எல்லா ஆஸ்கரையும் பிடித்து வாளிகளில் விட்டார். தொட்டிக்குள் இருந்த கல், மரவேர், கவிழ்த்து வைத்த மண்சட்டி எல்லாவற்றையும் எடுத்து இடம் மாற்றி வைத்தார். பிறகு அடிபட்ட மீனை முதலில் விட்டார். அது சுற்றிப் பார்த்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் மற்றவை. எல்லாரையும் விரட்டின அந்தப் பெரியதைக் கடைசியில் விட்டார். அது உள்ளே போய்த் தன்னுடைய சட்டியைத் தேடியது. சட்டி வேறு இடத்தில் இருந்தது, அதற்குள் வேறு ஆள். சற்று நேரம் நடுவில் நின்று செவுளை அசைத்தது. சண்டை போடத் தோன்றாமல் அதுவும் ஒரு புது மூலையைத் தேடிப் போயிற்று.

"அதை அடிச்சுத் திருத்த முடியுமோ? எடத்தைத் திருத்தினா போறும்" என்றார்.

இதை மீனுக்கு மட்டும் செய்தார் என்று நினைக்காதீர்கள். ஒருநாள் என் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தொட்டிக்கு எதிரே மாமாவின் பிரம்பு நாற்காலி இருக்கும். மாமா என்றால் மாமியின் கணவர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நாற்காலிக்கு என் பெண்கள் இருவருக்கும் பெரிய சண்டை.

"நான்தான் முதல்ல உக்காந்தேன்!"

"நீ போன தடவ உக்காந்தாச்சு, எந்திரிட்டீ!"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையை ஓங்கினேன். மாமி என் கையைப் பார்க்கக்கூட இல்லை. "குட்டிகளா, இங்கே வாங்கோ. இந்தக் கூடத்தை எனக்கு ஒண்ணு மாத்தி வெச்சுத் தாங்கோ பாக்கலாம்" என்றார். ஒருத்தி ஸ்டூலைத் தூக்கினாள், ஒருத்தி பாயைச் சுருட்டினாள். நாற்காலி வாசல் பக்கம் போனது, பெஞ்சு தொட்டிக்கு நேரே வந்தது. வேலை முடிந்தபோது இருவரும் பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளித்துவிட்டு உள்ளே வந்த மாமாதான் பாவம், நெடுநேரம் திகைத்து நின்றார்.

"நம்ம ஆம்தானா இது? இல்லே அடுத்தாத்துக்குள்ள நுழைஞ்சுட்டேனா?"

இன்னொரு மீனும் அங்கே இருந்தது. சிவப்பு வால் கெளுத்தி. அகலத் தலை, வெள்ளை வயிறு, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை சிரிக்கிற மாதிரி வாய். அதோடு சேர்த்து வைக்கச் சொல்லி ஒருவர் ஓர் அழகான மீனைக் கொண்டுவந்தார். "கடையில ரெண்டும் ஒண்ணாத்தான் மாமி இருந்துச்சு, பரம சாது" என்று அடித்துச் சொன்னார். மாமியும் நம்பி விட்டுவிட்டார். மறுநாள் அழகான மீன் இல்லை. கெளுத்திக்கு வயிறு இருந்தது. முகத்தில் அதே சிரிப்பு.

கொண்டுவந்தவர் கெளுத்தியைத் திட்டித் தீர்த்தார். மாமி தடுத்தார். "அதைக் குத்தம் சொல்லாதேங்கோ. வாய்க்குள்ள அடங்கறது அதுக்குக் கூட்டாளி இல்லே, சாப்பாடாக்கும். அளவு பாக்காம விட்டது நாமதானே?" அன்றைக்கே கெளுத்தியைப் பின்கட்டு சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினார்.

ஆக, தொட்டி மூன்று. கூடத்தில் அரோவானா தனியாக. பக்கத்து அறையில் ஆஸ்கர்கள். பின்கட்டில் கெளுத்தி. இதற்குமேல் ஒன்று கூடாது என்று மாமா வாக்கு வாங்கியிருந்தார். "இன்னும் ஒரு தொட்டி வந்தா நான் அதுக்குள்ளே போய்த்தான் படுத்துக்கணும்" என்பார். அதில் நியாயமும் இருந்தது. வீட்டில் நடக்க இடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் கல்லாற்றிலிருந்து போன் வந்தது.

பொன்முடி மலைக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டி விருந்தினர் தங்குகிற ஓர் இடம் நடத்துகிற ஒருவர் பேசினார். வரவேற்பறையில் தொட்டி வைத்து ஒரு ஜாகுவார் மீன் வளர்த்தார். அது கூட இருந்த அத்தனையையும் கொன்றுவிட்டது. இப்போது அறையை இடித்துக் கட்டுகிறார்கள். "அம்மா எடுத்தா எடுங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை ஆத்துல விட்டுருவேன்" என்றார்.

என் பெட்டி ஆட்டோவில் மூடி போட்ட நீல டிரம்மை ஏற்றிக்கொண்டு, மாமியும் நானும் கிளம்பினோம். வழியில் வித்துராவில் டீ குடித்தேன். மாமி வெந்நீர் மட்டும் குடித்தார்.

அந்த மீனை நான் எப்படிச் சொல்ல? பொன்னிறத்தில் கறுப்புப் பொட்டு பொட்டாக, சிறுத்தைத் தோலைப் போர்த்தியது போல இருந்தது. காலியான தொட்டியின் நடுவில் அசையாமல் நின்றது. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும் பின்வாங்கவில்லை, முன்னால் வந்தது. சிவந்த கண் என்னையே பார்த்தது. எனக்கும் அதற்கும் நடுவே கண்ணாடி இருப்பது தெரிந்தும் நான் ஓர் அடி பின்னால் போனேன்.

"ஆத்துல விட்டா ஜாலியா இருக்கும் அம்மா. பாவம், எத்தன காலம் பெட்டிக்குள்ள கெடக்கும்? அதுக்கும் ஒரு விடுதல வேண்டாமா?" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. இரக்கத்தில்தான் சொன்னார்.

மாமி அவரைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினார். உருண்டைக் கற்களுக்கு நடுவே கண்ணாடி மாதிரித் தண்ணீர். விரல் நீள மீன்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. மாமி குனிந்து கையை நீரில் வைத்தார். ஓடுவதற்குப் பதில் அவை விரலைக் கொத்த வந்தன.

"பாத்தேளா? இதுகளுக்கு பயம்னா என்னன்னே தெரியல்லே. அந்த மாதிரி ஒரு வாயை இதுகள் ஜன்மத்துல பாத்ததில்லே. அதுக்கு விடுதலை, சரி. இதுகள் எங்கே போகும்?"

அவர் மேலே ஏறி வந்து வலையைப் பிடிக்க உதவினார். வலையைக் கடித்துத் தொங்கிய அந்த மீனை ஈரத் துண்டால் சுற்றி மாமியே டிரம்முக்குள் இறக்கினார்.

திரும்பி வரும்போது டிரம் உள்ளேயிருந்து அடி விழுந்துகொண்டே இருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்: "மாமி, மூணு தொட்டிதானே? இத எங்க விடுவீங்க? ஆஸ்கரோட விட்டா எல்லாத்தையும் கொன்னுரும். கெளுத்தியோட விட்டா கெளுத்தி முழுங்கப் பாக்கும். பேசாம எங்க வீட்டுக்குத் தந்துருங்க. எம்பொண்டாட்டி நல்லா புளிமுளம் கொழம்பு வைப்பா."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். "நாளைக்கு உனக்குக் கோபம் வந்தா உன்னையும் புளிமுளம் வெச்சுடச் சொல்லலாமா?"

நான் ரோட்டைப் பார்த்து ஆட்டோவை ஓட்டினேன்.

வீட்டில் மாமா டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தார். "மூணுதான்னு வாக்கு குடுத்திருக்கே."

"தொட்டி மூணுதான். மீன்தான் கூடியிருக்கு" என்றார் மாமி.

மீதமிருந்தது ஒரே வழி. அரோவானாவின் எட்டடித் தொட்டி. நான் நடுவில் இறக்கி ஏற்றுகிற மாதிரி ஒரு தடுப்புக் கண்ணாடி அறுத்துக் கொடுத்தேன். தண்ணீர் போய்வர அதில் ஓட்டைகள் போட்டேன். இந்தப் பக்கம் புதுசு, அந்தப் பக்கம் மேலே இருக்கறது. "கண்ணாடி வழியாவே சண்டை போட்டு அலுத்துப் போகட்டும்" என்றார் மாமி. புதுசு முட்டியது. மூக்கு தோல் உரிய முட்டியது. நாளாக ஆக முட்டுவது குறைந்தது. ஒரு காலையில் தடுப்பைத் தூக்கினோம்.

மதியம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புதுசு பெரிய கல்லுக்கு அடியில் போய் நின்றது. சற்று நேரத்தில் கல்லைச் சுற்றியுள்ள இடம் அதனுடையது. அப்புறம் பாதித் தொட்டி. சாயங்காலம் நான் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது முழுத் தொட்டியும் அதனுடையது. அவ்வளவு பெரிய அரோவானா மேல்மூலையில் ஒட்டி நின்றது. வால் கிழிந்திருந்தது. அடியில் மணல்மேல் ஒரு வெள்ளிச் செதில் தனியாகக் கிடந்து மின்னியது.

தடுப்பை மறுபடி இறக்கினோம். மாமி தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். கல்லை மாற்றினார், வேரை மாற்றினார், புதுசைக் கடைசியில் விட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த மீனுக்கு மாற்றி வைத்த இடமெல்லாம் வேண்டியிருந்தது. கல்லாற்றுக்காரர் போன் செய்து, "முடியலேன்னா திருப்பிக் கொண்டாங்க அம்மா, ஆறு இருக்குல்ல" என்றார். மாமி போனை வைத்தார். அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"என்னால ஆகல்லேன்னா, ஒண்ணு இது சாகும், இல்லேன்னா அது ஆத்துக்குப் போகும்" என்றார். அரோவானாவையும் புதுசையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதும் அவர் எதையும் திட்டவில்லை.

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிற நாள் வந்தது. தடுப்பில் பாசி பிடித்திருந்ததால் தேய்த்துத் தரலாம் என்று நான் அதை வெளியே எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எடுத்த மறுநொடி புதுசு செவுளை விரித்துக்கொண்டு அரோவானாவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. "மாமி!" என்று கத்தினேன். அதே நேரம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாயை மாமா முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் ஒரு முனையிலிருந்து பீறிட்டு அடித்தது.

பாய்ந்து வந்த புதுசின் பக்கவாட்டில் அந்த வேகம் மோதியது. அது தடுமாறிச் சட்டென்று தண்ணீர் வருகிற திசைக்குத் தலையைத் திருப்பியது. துடுப்பை விரித்து எதிர்த்து நீந்தியது. அரோவானாவும் திரும்பியது. அதுவும் எதிர்த்து நீந்தியது. இரண்டுக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. ஒன்றை ஒன்று ஏறிட்டுப் பார்க்கவில்லை.

தொட்டி நிரம்பி விளிம்புக்கு வந்தது. மாமா குழாயை மூடப் போனார்.

"மூடாதேங்கோ!" என்று மாமி கத்தினார். அதுவரை அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"வழியறதுடீ!"

"வழியட்டும்! மூடாதேங்கோ!"

தண்ணீர் கூடமெல்லாம் ஓடி வாசற்படி தாண்டித் தெருவுக்கு வந்தது. மாமா பத்திரிகைக் கட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றார். மாமி புடவை முழங்கால் வரை நனைய, கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் கழித்து, இரண்டும் ஆளுக்கொரு பாதியில் வந்தபோது, "தடுப்பை இறக்கு. இப்போ மூடுங்கோ" என்றார்.

மறுநாள் கல், வேர், மணல் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொன்னார். வெறும் தொட்டி. பிடித்துக்கொள்ள ஒரு மூலைகூட இல்லாதபடி செய்தோம். ஒரு முனையில் பெரிய பம்புகளைப் பொருத்தினோம். ஆறு ஓடுவது போல் தண்ணீர் ஓடியது. தடுப்பை மாமியே தூக்கினார்.

பிள்ளைகளே, நான் அறுத்து ஒட்டிய கண்ணாடிதான் அது. ஆனால் அன்றைக்கு அதற்குள் நான் பார்த்தது எனக்குத் தெரிந்த தொட்டி இல்லை. மேலே வெள்ளி, கீழே சிறுத்தைப் புள்ளி. இரண்டு கொடிய வாய்களும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே வேகத்தில், ஓடுகிற நீரை எதிர்த்து நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. பற்றிக்கொள்ளக் கல் இல்லை, காவல் காக்க மூலை இல்லை, சண்டை போட ஓய்வும் இல்லை. தெருவில் முகம் சுளித்தவர்கள்கூட வந்து பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

மாமி மட்டும் மகிழ்ந்து குதிக்கவில்லை. "இந்த ஓட்டம் நிக்கற வரைக்கும்தான்" என்றார். தடுப்புக் கண்ணாடியைத் தொட்டிக்குப் பின்னால் கைக்கு எட்டுகிற மாதிரி சாய்த்து வைத்தார். மின்சாரம் போனால் பம்பு நிற்கக்கூடாது என்று மாமா ஓர் இன்வெர்ட்டர் வாங்கிவைத்தார். மாதக்கணக்கில் அப்படியே ஓடியது.

ஒரு மழைநாள். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டதால் என் பெண்கள் மாமி வீட்டில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிப்போக நான் போனேன். காலையில் போன மின்சாரம் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தி, நின்றுபோனது. பம்பின் உறுமல் அடங்கியது. அந்த வீட்டில் மழைச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

தொட்டியில் தண்ணீர் மெல்ல மெல்ல அசைவற்றுப் போயிற்று. நான் தடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமி மறுமுனையைப் பிடித்தார். மேல்மூடியைத் திறந்து, தடுப்பு இறங்குகிற காடியில் வைத்து, இறக்கப் போனேன்.

"இரு" என்றார்.

"மாமி, அது..."

"இருன்னேன். இப்போ எறக்கினா ரெண்டும் ஒரே பக்கத்துல மாட்டிக்கும்."

அரோவானா எங்களுக்கு வலப்பக்கம் மிதந்து வந்தது. புதுசும் அதே பக்கம்தான். அது வேகம் குறைந்து, நின்று, மெதுவாகத் திரும்பியது. அதன் புள்ளிகள் கறுத்தன. நிறமே மாறியது. செவுள் விரிந்தது. மாமி அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புதுசு பாய்வதற்கு முன் ஓட்டம் எடுக்கிறவனைப் போல இடப்பக்கம் பின்வாங்கியது. தடுப்பு விழும் இடத்தைத் தாண்டி அது பின்னால் போன அந்தக் கணம்,

"விடு!"

கண்ணாடி இறங்கியது. அது அடியைத் தொட்டதும் புதுசு வந்து மோதியது. அந்த இடி என் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏறி முழங்கை வரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப்புறம் அரோவானா ஒரு செதிலும் குலையாமல் திரும்பிப் போயிற்று.

மாமி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். என் சின்னப்பெண் அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "மாமி, இவ்வளவு நாளா ஒண்ணாத்தானே நீந்திச்சு? அதுக ரெண்டும் கூட்டு இல்லியா?"

"இல்லேடி கண்ணா. ஒரு நாளும் கூட்டு இல்லே."

"பின்ன எப்படி ஒண்ணா இருக்கு?"

மின்சாரம் வந்து, பம்பு உறுமி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடத் தொடங்கும் வரை மாமி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு மீன்களும் ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பின. புதுசின் கறுப்பு மெல்ல வெளுத்துப் பொன்னிறமாயிற்று. மாமி எழுந்து தடுப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் பிடி. தூக்கு" என்றார் என்னிடம்.